ஞாயிறுதோறும் ஒரு சாவு

இந்த ஞாயிற்றுக்கிழமை யாரைச் சாகடிப்பது என்பதுதான் ராஜலிங்கத்தின் கவலை.

அவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். கட்டுகஸ்தோட்டையில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். மஹய்யாவயில் வீடு. கரப்பான்பூச்சியைக் கண்டால் கதிரையில் ஏறி நின்று மனைவியைக் கூப்பிடுகிற சாது. ஆனால் ஒரு வருஷமாக அவர் வாயால் போய்ச் சேர்ந்தவர்களை எண்ணினால், கண்டி மாவட்டத்துக்கே கொள்ளை நோய் வந்துவிட்டுப் போனது போல இருக்கும். கூட வேலை செய்கிற அஜந்தனுக்கு மட்டும் மூன்று தாத்தாக்கள் செத்திருந்தார்கள். மூன்றாவது தாத்தா எங்கிருந்து வந்தார் என்று அஜந்தனுக்கும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் மீன்.

மடவளையில் சின்னக் கடை வைத்திருக்கிற லாபிர்தான் அவரை முதன்முதலில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. லாபிருக்கு அங்கே ஒரு மோட்டார் படகு இருந்தது. புழுவைக் குத்தித் தண்ணீரில் போட்டுவிட்டுக் கரையில் குந்தித் தூங்குகிற மீன்பிடி இல்லை அது. கண், வால், பளபளப்பு எல்லாம் வைத்துச் செய்த பொய் இரை. காலையில் கரையோரப் புல்லுக்குள் விரால் படுத்திருக்கும். அதன் தலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தவளையை வீசி, உயிருள்ள தவளை தாவுவது மாதிரி தூண்டில் கோலை உதறி உதறி இழுக்க வேண்டும். வெயில் ஏறியதும் படகை ஆழத்துக்கு விட்டு, மோட்டாரை மெதுவாக ஓடவைத்து, மீன்குஞ்சு மாதிரி ஒரு பொய் மீனைப் பின்னால் தூரத்தில் இழுத்துக்கொண்டே போக வேண்டும். இதற்கு ட்ரோலிங் என்று பெயர். அந்தப் பொய் மீனுக்குத்தான் மஹ்சீர் வரும். கெண்டை ஜாதிதான். ஆனால் மற்றக் கெண்டைகளெல்லாம் இதற்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும்.

அணை கட்டியதில் பழைய தெல்தெனிய பட்டணம் முங்கிக் கிடக்கிற பக்கத்தில் ஒருநாள் ஒரு மஹ்சீர் அவருடைய பொய் மீனைக் கவ்வியது. கோல் வில்லாக வளைந்தது. ராஜலிங்கம் வாழ்க்கையில் முதல் தடவையாக, "விடமாட்டேன்டா!" என்று ஒரு சீவனைப் பார்த்துக் கத்தினார். அது நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து ராஜலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லாபிர் சேர்ந்திருந்த மீன்பிடி க்ளப்பின் சட்டப்படி, பிடித்த மீனை அளந்து, படம் எடுத்து, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஆகவே ராஜலிங்கம் மீன்களை உயிரோடு விட்டுவிட்டு மனிதர்களைச் சாகடிக்கிற வேட்டைக்காரராக இருந்தார்.

மனைவியிடம் நேரே சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். யசோதினியின் "ம்" உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை கண்டி டவுனில் கடைக் கண்ணாடிக்குள் ஒரு தூண்டில் கோலைக் காட்டி, "நல்லாருக்குல்ல?" என்று கேட்டார். அவள் "ம்" என்றாள். அந்த "ம்"முக்கு ராஜலிங்கம் வீடு வரும் வரைக்கும் பொழிப்புரை எழுதினார். 'அது வீட்டுக்குள் வந்தால் நான் வீட்டை விட்டு வெளியே போவேன்' என்பதுதான் அதன் பொருள் என்று முடிவு கட்டினார். அதோடு கேட்பதை நிறுத்திவிட்டார்.

சாவு யோசனை அவராகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஒரு ஞாயிறு உண்மையாகவே தெல்தெனியவில் ஒரு இழவு வீட்டுக்குப் போனவர், வழியில் லாபிரைக் கண்டு படகில் ஏறிவிட்டார். மாலையில் உடம்பெல்லாம் மீன் வாடையோடு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அங்கேயே நில்லுங்க!" என்றாள் யசோதினி.

ராஜலிங்கம் உறைந்து நின்றார்.

"எழவு வீட்டுக்குப் போயிட்டு அப்படியே உள்ள வருவீங்களா? சட்டையக் கழட்டி அந்த வாளியில போடுங்க."

தலையிலிருந்து கால் வரைக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். சட்டை சவர்க்காரத் தண்ணீரில் ஊறியது. மீன் வாடை வடிகானில் போனது. பொய் சொன்னவனைப் பெண்டாட்டியே குளிப்பாட்டித் தடயத்தை அழித்து வீட்டுக்குள் கூப்பிடுகிற வழக்கம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டே ராஜலிங்கம் அடுத்த ஞாயிறுக்கு ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்.

தேடத் தேடத்தான் தொழில் நுணுக்கங்கள் பிடிபட்டன. இந்து ஒருவர் செத்தால் எடுக்கிற அன்று ஒரு ஞாயிறு, எட்டுக்கு ஒரு ஞாயிறு, கருமாதிக்கு ஒரு ஞாயிறு. ஒரே ஆளில் மூன்று முறை மீன் பிடிக்கலாம். முஸ்லிம் ஜனாஸா என்றால் உடனே அடக்கிவிடுவார்கள். விடியக்காலம் திடீரென்று எழுந்து ஓடுவதற்கு அதுதான் தோது.

ஒரே தொல்லை சீனி. இழவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று யசோதினி ஒவ்வொரு முறையும் சீனியும் தேயிலையும் ஷொப்பிங் பேக்கில் கட்டிக் கொடுத்துவிடுவாள். அதெல்லாம் லாபிரிடம் போய்ச் சேர்ந்தது. லாபிர் வீட்டில் அந்த வருஷம் யாரும் சீனி வாங்கவில்லை.

"மச்சான், இன்டைக்கு மவுத்தானது யாரு?" என்று ஒருநாள் படகில் சுடச்சுடத் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே லாபிர் கேட்டார்.

"ஒங்க மாமி."

லாபிருக்குத் தேத்தண்ணி புரையேறியது. "என்ட மாமியா? ஜெஸீமா மாமியா? மச்சான், அவ நேத்தும் உரல்ல மா இடிச்ச பொம்பள!"

"அஜந்தன் பக்கம் ஆள் முடிஞ்சிருச்சு மச்சான். நா என்னா செய்ய?"

"என்ட பெரிய மாமாவையும் நீங்க ரெண்டு தரம் மவுத்தாக்கினீங்க."

"மொத தரம் செத்தத மறந்துட்டேன்."

"மாமி இதக் கேள்விப்பட்டா என்னைத்தான் மவுத்தாக்குவா," என்று லாபிர் வானத்தைப் பார்த்தார்.

இதற்கிடையில் ராஜலிங்கத்தின் புகழ் மஹய்யாவயில் பரவிக்கொண்டிருந்தது. குழாயடியிலும் கோயிலிலும் யசோதினியே பரப்பினாள். "எங்க வீட்டுக்காரர் மாதிரி நல்லது கெட்டதுக்கு முன்னுக்கு நிக்கிற ஆள் இல்ல. ஒரு ஞாயித்துக்கெழம வீட்டுல தங்க மாட்டாரு." தெருவில் போனால் வயதானவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். நோயில் கிடந்த ஒருவர் அவருடைய கையைப் பிடித்து, "எனக்கும் வந்துருவீங்கதானே தம்பி?" என்று கேட்டார். ராஜலிங்கம், "கட்டாயம் வர்றேங்க," என்று வாக்குக் கொடுத்தார். நாளடைவில் தான் நல்ல மனிதர்தான் என்று அவரே நம்பத் தொடங்கினார். கொஞ்ச நாளாக வாசலில் ஊற்றப்படுகிற வாளிகள் கூடியிருந்ததையும், தண்ணீர் முன்பைவிடச் சில்லென்று இருந்ததையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது க்ளப் ஒரு போட்டி வைத்திருந்தது. வருகிற ஞாயிறு. ஒரு படகுக்கு மூன்று பேர். பெரிய மீனைப் பிடித்து அளந்து விட்டவருக்குக் கேடயம். ராஜலிங்கத்துக்குக் கேடயம் பெரிதில்லை. மஹ்சீர்தான் பெரிது. நூல் அறுந்த அன்றிலிருந்து அந்த மீன் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. அதன் வாயில் ஒருதரம் கொக்கியை மாட்டிப் படகுக்குக் கொண்டுவந்து, "இப்ப என்னாடா சொல்ற?" என்று கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு எந்த "ம்"முக்கும் பயப்படாமல் மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தார். வீட்டில் தோசைக் கரண்டியை வைத்து மணிக்கட்டை உதறிப் பழகினார்.

"என்னா, கொசு வெரட்டுறீங்களா?" என்றாள் யசோதினி.

"ஆமா. பெரிய கொசு."

போன ஞாயிறு படகிலிருந்து இறங்கும்போது லாபிர் கேட்டார். "மச்சான், போட்டிக்கு வருவீங்கதானே?"

"என்னா கேள்வி இது?"

"இல்ல, சும்மாதான். நெசமா வருவீங்களா?"

"செத்தாலும் வருவேன் மச்சான்."

லாபிர் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டு மோட்டாரைத் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது ராஜலிங்கம் ஆளை அறிவித்தார்.

"எங்க முதலாளியோட சித்தப்பா தவறிட்டாரு. நாவலப்பிட்டியில."

"ஐயோ பாவம். எப்ப எடுக்கிறாங்க?"

"ஞாயித்துக்கெழம."

"எல்லாரும் எப்படித்தான் ஞாயித்துக்கெழமைக்குத் தோதா பாத்துச் சாகுறாங்களோ!"

"லீவு நாள்ல எடுத்தா நாலு சனம் வரும்னுதான்."

"ம்," என்றாள் யசோதினி.

இந்த "ம்" அவர் இதுவரை கேட்காத ரகமாக இருந்தது. அதற்கு உரை எழுத அவருக்கு நேரம் இருக்கவில்லை.

மறுநாள் சாயந்திரம் அவர் வேலையால் வந்தபோது முன்னறையில் கதிரைகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. குசினியில் வடை வெந்துகொண்டிருந்தது. ஒரு கதிரையில் உட்கார்ந்து, யாருக்கு என்று அவர் கேட்பதற்குள் வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். மஹய்யாவ மரண உதவிச் சங்கத்தின் செயற்குழு. முன்னால் வந்த செயலாளர் ரமேஸின் கையில் ஒரு பொன்னாடை.

"அண்ணே, எழும்பாதீங்க," என்று சொல்லி ரமேஸ் அதை அவருடைய தோளில் போர்த்திவிட்டார்.

"என்னா ரமேஸ் இது?"

"போன ஞாயித்துக்கெழம நம்ம சங்கத்துப் பொதுக்கூட்டம். பழைய தலைவர் கணேஸ் ஐயா மகளோட கொழும்புக்குப் போயிட்டாரு. புதுத் தலைவர தெரிவு செய்யணும். கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தாங்க. அண்ணன் வரல. ஏன் வரல?"

ராஜலிங்கம் வாசலைப் பார்த்தார்.

"எழவு வீட்டுல நின்னாரு!" என்று ரமேஸ் தொடையில் தட்டினார். "நாங்க மரணச் சங்கம்னு பேரு வச்சுக்கிட்டு கதிரையில ஒக்காந்து பேசுறோம். அண்ணன் பேசாம போய் நிக்கிறாரு. இவர விட்டா யாருன்னு அக்கா ஒரு வார்த்த கேட்டாங்க. அம்புட்டுத்தான். ஒரு ஆள் எதுக்கல. ஏகமனதா நீங்கதான் தலைவர்!"

"எந்த அக்கா?"

"நம்ம அக்காதான்," என்று ரமேஸ் குசினிப் பக்கம் கைகாட்டினார். "மொத வேலையா நாளைக்கு மயானத்துல சிரமதானம். இடுப்பு ஒசரத்துக்குப் புல்லு. தலைவர் வந்து மொத வெட்டு வெட்டணும்."

"நாளைக்கா?" ராஜலிங்கம் எழுந்துவிட்டார். "நாளைக்கு முடியாது ரமேஸ்! நாவலப்பிட்டியில எங்க முதலாளியோட சித்தப்பா எழவு."

யசோதினி வடைத் தட்டோடு வெளியே வந்தாள். "ஆமா ரமேஸ். அவருக்கு ரொம்ப வேண்டிய மனுசன். போகாம இருக்க ஏலாது."

ராஜலிங்கம் அவளை நன்றியோடு பார்த்தார். என்ன இருந்தாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான்.

"தலைவருக்கு வேண்டியவருன்னா சங்கத்துக்கும் வேண்டியவருதானே?" என்று யசோதினி வடையை நீட்டினாள்.

"அக்கா சொல்றதுதான் சரி!" ரமேஸ் துள்ளி எழுந்தார். "சிரமதானத்த தள்ளி வைப்போம். நாளைக்கு எல்லாரும் நாவலப்பிட்டிக்கு. ரெண்டு வேன் பேசுறேன். வெள்ளக்கொடி சங்கத்துல இருக்கு. மலர்வளையத்துக்கு இப்பவே சொல்லிரலாம். அண்ணே, பெரியவர் பேரு என்னாங்க?"

ராஜலிங்கம் அந்தப் பெரியவருக்கு இன்னும் பேர் வைத்திருக்கவில்லை. இரண்டு வேன் நிறைய ஆட்கள் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு, நாவலப்பிட்டி டவுனில் பிணம் எங்கே என்று கேட்டு அலைவது அவருடைய கண்முன்னால் ஓடியது. நெற்றியிலிருந்து வேர்வை வடையில் சொட்டியது. மேசையில் கிடந்த போனைப் பாய்ந்து எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ! முதலாளியா? சொல்லுங்க... என்னாது? மூச்சு வந்துருச்சா? கண்ணத் தொறந்துட்டாரா? கஞ்சி குடிக்கிறாரா?"

போனை வைத்துவிட்டு, "பொழைச்சிட்டாராம்," என்றார்.

ரமேஸ் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, நீங்க தலைவரான நேரம், செத்தவரே எழும்பிட்டாரு! அப்ப காலையில ஏழு மணிக்கு மயானத்துல சந்திப்போம்."

வடைத் தட்டு காலியானது. செயற்குழு போய்விட்டது. பொன்னாடையோடு ராஜலிங்கம் கதிரையில் சரிந்தார்.

"நீங்க பேசினது என் போனுல," என்றாள் யசோதினி. "ஒங்க முதலாளிக்கு என் நம்பர் தெரியாதுங்க."

ராஜலிங்கம் மேசையில் கிடந்த போனைத் திரும்பிப் பார்த்தார்.

"செத்துப்போன ஜெஸீமா மாமி ஒங்கள விசாரிச்சாங்க."

"யசோ..."

"ஒரு சாவுன்னா பொம்பளைங்க துக்கம் விசாரிக்கப் போவோம்னு கூடவா ஒங்களுக்குத் தெரியாது? அடுத்த புதன்கெழம மடவளைக்கு பஸ் ஏறிப் போனேன். மாமிதான் கதவத் தொறந்தாங்க. எனக்கு ஆளத் தெரியாதுல்ல. செத்தவங்களோட தங்கச்சியாக்கும்னு நெனச்சு, கட்டிப்புடிச்சு 'போயிட்டாங்களே'ன்னு அழுதேன். யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சு அவங்களும் சேந்து அழுதாங்க. லாபிர் நானா பொண்டாட்டி மஸீனா ஓடிவந்து அவளும் அழுதா. அழுது முடிச்சாப் பொறகுதான் மாமி கேட்டாங்க, யாரு மவுத்துன்னு. ஜெஸீமா மாமின்னு சொன்னேன்."

"அவங்க என்னா சொன்னாங்க?"

"தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க. நம்ம சீனியில."

ராஜலிங்கம் பொன்னாடையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"படகு, மீனு எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, திரும்பி வரும்போது பஸ்ஸுல அழுதுக்கிட்டேதான் வந்தேன்," என்றாள் யசோதினி. இப்போது அவளுடைய குரலில் கேலி இல்லை. "நீங்க மீன் பிடிக்கப் போனதுக்கு இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கிறதுக்குப் பயந்துக்கிட்டு, ஊர்ல உள்ளவங்களயெல்லாம் சாகடிச்சீங்களே, அதுக்கு. நான் என்னா அவ்வளவு பெரிய பேயா?"

ராஜலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. உண்மையான வெட்கம். "கேட்டிருந்தா என்னா சொல்லியிருப்ப?"

"சோறு கட்டிக் குடுத்திருப்பேன்."

ஒரு வருஷத்துச் சாவுகளும் வீணாகப் போய்விட்டனவே என்று அவருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் மனுஷனுக்குள் ஒரு சின்ன ஆசை துளிர்த்தது. குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். வாட்டித் துடைத்த வாழையிலைகள் மேசையில் கிடந்தன. நாளைச் சோறு கட்டுவதற்கு எடுத்து வைத்த இலைகள். போட்டிக்குத்தான். படகுக்குத்தான். மயானத்தை எப்படியாவது ரமேஸிடம் தள்ளிவிடலாம்.

"யசோ," என்றார் குழைந்து, "அந்த எலயெல்லாம்..."

"நாளைக்குப் படகுக்கு. விடியக்காலம் கட்டணும்."

"நீ தங்கமான பொம்பள யசோ! ஆனா மூணு எல இருக்கே?"

"ஒரு படகுக்கு மூணு பேருதானே? லாபிர் நானாவுக்கு ஒண்ணு. மஸீனாவுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு."

"ஒனக்கா?" ராஜலிங்கத்தின் குரல் கீச்சிட்டது. "ஒனக்கு வீசத் தெரியுமா?"

"புதன்கெழமைக்குப் புதன்கெழம போய்ப் பழகிக்கிட்டுத்தான் இருக்கேன். லாபிர் நானா மாட்டேன்னுதான் சொன்னாரு. மாமி ஒரு சத்தம் போட்டாங்க, பேர எழுதிட்டாரு. ஒங்களவிட நான் தூரமா வீசுறேனாம்."

"ஒவ்வொரு புதன்கெழமையும் எங்க போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா?"

யசோதினி வடைத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குத் திரும்பினாள். வாசற்படியில் நின்று சொன்னாள்:

"மம்பட்டிய கழுவி வாசல்ல வச்சிருக்கேன். ஏழு மணிக்கெல்லாம் போயிருங்க. தலைவர் பிந்திப் போனா நல்லாருக்காது."